“அது வேறு கதை” என்று எழுதினீர்களே…

வணக்கம் மேடம்,

ராணுவத்தில் 19 வருடம் சர்வீஸ் போட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். ஊர் செங்கம் பக்கம். வயது 51. இப்படி யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. “எங்ககிட்ட புலம்பறதை அவங்களுக்கு எழுதுங்கப்பா” என்று என் மகள்தான் சொன்னாள்.

எனக்கு ஒரு பேட்ச்மேட். தர்மபுரி பக்கத்துக்காரன். 1993இல் நீலகிரி வெலிங்டன் டிரெய்னிங்கில் பக்கத்துக் கட்டில். ஹிந்தி தெரியாமல் இரண்டு பேரும் சேர்ந்தே தண்டனை வாங்கினோம். லங்கரில் ஒரே தட்டில் சாப்பிட்டோம். லீவு முடிந்து வரும்போது அவன் அம்மா கொடுத்தனுப்புகிற எள்ளுருண்டையில் பாதி எனக்கு என்று அவர்களே சொல்லித்தான் கட்டிக் கொடுப்பார்கள்.

2002 பிப்ரவரியில், காஷ்மீரில் குப்வாரா பக்கம் எல்லைக்கோட்டில் ஒரு போஸ்டில் ஷெல் விழுந்து அவன் இறந்தான். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லை முழுக்கப் படையைக் குவித்து வைத்திருந்த ‘ஆபரேஷன் பராக்ரம்’ சமயம். யுத்தம் என்று ஒன்று நடக்காததால் ஜனங்களுக்கு அது ஞாபகமே இல்லை. கார்கில் என்றால் ஜூலை 26 அன்று ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். பராக்ரம் என்றால் அது என்ன படம் என்று கேட்கிறார்கள். உடலோடு ஊருக்கு வந்தவன் நான்தான். அடுத்த வருடம் நவம்பரில் எல்லைக்கோட்டில் போர்நிறுத்தம் வந்தது. 21 மாதம் தாண்டியிருந்தால் போதும்.

அதிலிருந்து 23 வருடமாக ஒவ்வொரு பிப்ரவரியும் அவன் ஊருக்குப் போகிறேன். சர்வீஸில் இருந்தபோது லீவையே அதற்கு ஏற்றாற்போல் போட்டேன். பொங்கலுக்கு வரமாட்டார், பிப்ரவரிக்கு வருவார் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அவன் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த பையன். இப்போது சென்னையில் வேலை. போன தடவை அவனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் வந்திருந்தார்கள். அவர்களிடம் என்னை “அப்பாவோட ஃப்ரெண்ட்” என்று அறிமுகப்படுத்தினான். பெரியப்பா எங்கே போனார் என்று தெரியவில்லை.

வரும் பிப்ரவரியில் ஊர் முச்சந்தியில் அவனுக்குக் கல் வைக்கிறார்கள். பையன் தன் சம்பளத்தில் செய்கிறான். நல்ல விஷயம்தான். ஆனால் அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். அதில் முதலில் கட்சிக்காரர், அப்புறம் ஊர்ப் பெரியவர்கள், ஆறாவதாக “நண்பர்” என்று நான். ஹவில்தார் என்றுகூடப் போடவில்லை. அதைவிட, அவன் நாயக். இவர்கள் ஒரு படி இறக்கி லான்ஸ் நாயக் என்று போட்டிருக்கிறார்கள். அந்த புரமோஷன் வந்த ராத்திரி என் பங்கு ரம்மையும் அவனுக்கு ஊற்றியவன் நான். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே? கல்லில் வெட்டப்போகிற வாசகம்கூட நான் சொன்னதுதான். அவன் கடைசியாகச் சொன்னது என்று அன்றைக்கு அம்மாவிடம் ஏதோ சொல்லிவைத்தேன், அது வேறு கதை. அதையும் ஒரு தமிழ் வாத்தியார் திருத்தி, “பின்வாங்கவில்லை என்று என் தாயிடம் சொல்” என்று ஆக்கியிருக்கிறார். அதற்கும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அம்மா இருந்தவரை இப்படி நடந்திருக்காது. போன ஐப்பசியில் அவர்களும் போய்விட்டார்கள்.

பட்டாளத்தானுக்கு எங்கேயுமே இதுதான் கதி. அவன் செத்த மாதமே என் கோட் பார்க்கா, அதாவது பனிக்குப் போடுகிற கோட்டு, காணோம் என்று ஸ்டோரில் கணக்குக் கேட்டு என் சம்பளத்தில் பிடித்தார்கள். எவ்வளவு என்று இன்னும் மறக்கவில்லை. பேட்ச் குரூப்பில் 40 பேர் இருக்கிறோம். அவன் நினைவு நாளுக்குக் கும்பிடு பொம்மை போடுவதோடு சரி. 2022இல் மகளோடு டெல்லி போய், தேசியப் போர் நினைவிடத்தில் அவன் பெயரைத் தேடிப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் செல்ஃபி எடுத்தவர்களைத் தள்ளிப் போகச் சொன்னேன். மகள் என்னைத்தான் முறைத்தாள். எங்கள் ஊர் வேடியப்பனுக்குக்கூட வருடா வருடம் பொங்கல் வைக்கிறார்கள். இவனுக்கு யார் இருக்கிறார்கள்?

வீட்டிலும் நிம்மதி இல்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. விடிய விடிய “குளிருதுடா, குளிருதுடா” என்றவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? மனைவிக்கு அது புரியாது. லைட் போடுகிறேன் என்று மகள் அறைக்குப் படுக்கப் போய்விட்டாள்.

இந்த விழாவுக்கு நான் போக வேண்டுமா மேடம்? மரியாதை இல்லாத இடத்துக்குப் போகாமல் இருப்பதே மரியாதை என்று தோன்றுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லவும்.

— பெயர் வேண்டாம்

*

அன்புள்ள ஐயா,

முதல் தடவை படித்தபோது உங்கள் பக்கம்தான் இருந்தேன். நாயக்கை லான்ஸ் நாயக் ஆக்கியது தப்பு, திருத்தச் சொல்லுங்கள். அதற்கு ஒரு போன் போதும். ஆறாவது பெயர் விஷயத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் இரண்டாவது தடவை படித்தபோது ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. “ஏதோ சொல்லிவைத்தேன், அது வேறு கதை.”

எனக்கென்னவோ நீங்கள் எழுத உட்கார்ந்ததே அந்தக் கதையைத்தான் என்று படுகிறது. எழுத வரவில்லை. ஸ்டோர், செல்ஃபி, வேடியப்பன் என்று சுற்றிவிட்டு, கடைசியில் மனைவியைக் குறை சொல்கிற இடத்தில் அவன் நிஜமாகச் சொன்னது தானாக வெளியே வந்து விழுந்திருக்கிறது. குளிருதுடா. கல்லில் ஏறப்போகும் வாசகத்தையும் இந்த வார்த்தையையும் நீங்கள் பக்கத்துப் பக்கத்தில் வைக்கவே இல்லை. நடுவில் அவ்வளவு புகார்களை அடுக்கியிருக்கிறீர்கள்.

அம்மாவிடம் சொன்னதற்காக உங்களை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 28 வயதுப் பையன், நண்பனைப் பெட்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கியிருக்கிறான். பெற்றவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு “கடைசியா என்ன சொன்னான்” என்று கேட்கிறாள். குளிருது என்று சொன்னான் என்று எப்படிச் சொல்வது? அதைக் கேட்ட தாய் அப்புறம் எந்த மார்கழியில் கம்பளி போர்த்திப் படுப்பாள்? நான் அங்கே நின்றிருந்தாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா 22 வருடம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கணக்கு அவர்களோடு முடிந்தது.

பையனுடைய கணக்கு வேறு. ஒன்றரை வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவனுக்கு அப்பாவின் குரல் ஞாபகம் இருக்காது. அப்பா வாயிலிருந்து வந்தது என்று அவனிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். அதை அப்பா சொல்லவில்லை. பாதி நீங்கள் சொன்னது, மீதி தமிழ் வாத்தியார் சொன்னது. அதைச் சம்பளப் பணத்தில் கருங்கல்லில் வெட்டப்போகிறான். இது தெரிந்தும் நீங்கள் சும்மா இருந்தால், அன்றைக்கு அம்மாவுக்காகச் சொன்னதன் தொடர்ச்சி என்று அதை நினைக்காதீர்கள். இது இன்றைக்கு, இந்தப் பையனிடம், புதிதாகச் சொல்கிற பொய்.

இது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் கோபம் இவ்வளவு சௌகரியமாக வந்திருக்கிறது. அழைப்பிதழைக் காரணம் காட்டிக் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டால், அந்தக் கல்லின் முன்னால் நிற்க வேண்டியதில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் துருவமாட்டார்கள். “பையன் மரியாதை கொடுக்கலை, அதான் அவர் வரலை” என்று ஊரே பேசி முடித்துவிடும். நீங்கள் தப்பிப்பதற்கு அவன் மரியாதை தெரியாதவன் ஆக வேண்டியிருக்கிறது. தகப்பனுக்குக் கல் வைக்கிற பிள்ளைக்கு இந்தப் பெயரையா பெரியப்பா வாங்கிக் கொடுப்பது? “ஃப்ரெண்ட்” என்று சொன்னான் என்கிறீர்கள். பெண் வீட்டார் முன்னால் கூச்சப்பட்டு உளறுகிற வயசு ஐயா அது. விடுங்கள்.

உங்களுக்குள் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. குளிருது என்று முனகியபடி செத்தவன் என்று தெரிந்தால், வீரன் என்று கட்டி வைத்தது இடிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். டெல்லியில் விரலால் தடவினீர்களே, அந்தச் சுவரில் என்ன இருந்தது? பெயர், பதவி, படைப்பிரிவு. 25,000 பேருக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். யாருடைய கடைசி வார்த்தையும் அங்கே இல்லை. தடவிப் பார்த்தபோது ஏதாவது குறைவதாகத் தோன்றியதா?

இன்னொன்று, வேடியப்பனை நீங்களே இழுத்துவிட்டீர்கள். உங்கள் பக்கத்து வேடியப்பன்களில் பலர் நடுகற்கள். மாட்டை மீட்கப் போய்ச் செத்த ஆளுக்கு வைத்த கல்தான் காலப்போக்கில் சாமி ஆகியிருக்கிறது. செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில் அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் பட்டான் என்று அதில் வெட்டியிருக்கிறது. என்ன முழங்கினான் என்றெல்லாம் எதுவும் இல்லை. எருமைக்காகச் செத்தான், அவ்வளவுதான். அந்தக் கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்து, அவன் பக்கத்திலேயே காத்திருந்தது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். 1,400 வருடமாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது, காத்திருந்ததற்காக. உங்களை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறாவது பெயராகப் போட்டார்கள் என்று வருத்தப்பட்டீர்களே, அதனால் சொல்கிறேன்.

இப்போது அந்தக் கோட் பார்க்கா. கடிதத்தில் இதைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி, குப்வாரா, பனி. ஒருவன் விடிய விடியக் குளிருதுடா என்கிறான். பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான். அந்த மாதமே அந்த இன்னொருவனின் கோட்டு காணாமல் போகிறது. ஐயா, அது எங்கே போனது என்று ஸ்டோரில் ஏன் சொல்லவில்லை? ஒரு வரி சொல்லியிருந்தால் சம்பளத்தில் பிடித்திருப்பார்களா? “தொலைந்துவிட்டது” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சொன்னால் ராத்திரி முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும், குளிரையும் சேர்த்து. நான் ஊகிப்பது தப்பாக இருந்தால் திருத்துங்கள். தப்பில்லை என்றால், உங்களிடம் அந்தப் பையனுக்குக் கொடுக்க ஒரு ராத்திரி இருக்கிறது. அதில் அவன் அப்பா நிஜமாகப் பேசிய வார்த்தை இருக்கிறது. அதைக் கேட்டுத் தன் கோட்டைக் கழற்றிய ஒருவரும் இருக்கிறார். வாத்தியார் திருத்தத் தேவையில்லாத தமிழ் அது.

கல் பட்டறைக்குப் போவதற்கு முன் அவனைப் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம். அம்மா இருந்த வீட்டில் உட்கார்ந்து, அவனிடம் மட்டும் சொல்லுங்கள். தன்னைப் பெற்றவளிடம் அதை எப்படிச் சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும். கேட்டுவிட்டு அவன் கோபப்படலாம், கொஞ்ச நாள் போன் எடுக்காமல் இருக்கலாம். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. நீங்கள் பதிலுக்குக் கோபப்படாதீர்கள். கல்லில் என்ன வெட்டுவது என்று சொல்வது உங்கள் வேலை இல்லை, தெரிந்ததைச் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை. எல்லாம் தெரிந்த பிறகும் அவன் பாட்டிக்காக அதே வாசகத்தை வெட்டினால், வெட்டட்டும்.

மூன்று மணி விழிப்பை இதோடு விட்டுவிடாதீர்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள். அப்புறம், அந்த ராத்திரியை மனைவியிடம் ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? “அவளுக்குப் புரியாது” என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னேன் என்று எங்கேயும் எழுதவில்லை.

பையனிடம் எங்கே ஆரம்பிப்பது என்று திணறினால், கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். எவ்வளவு பிடித்தார்கள் என்று இன்னும் மறக்கவில்லை என்றீர்களே, அந்தத் தொகையையும் சொல்லுங்கள்.