கோவாவும் பாண்டிச்சேரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவா பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரியைப் படித்தேன். எங்கள் பக்கத்துப் பாண்டிச்சேரியைப் பேசியே வாங்கிய நேரு, 1961-இல் கோவாவுக்கு மட்டும் ஏன் படையை அனுப்பினார்? அவசரப்பட்டுவிட்டாரோ? பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனின் தேர்தலுக்காக என்கிறார்களே? அகிம்சை பேசியவர்கள் எந்த முகத்தோடு ஐ.நா.வில் நின்றார்கள்?

க., கடலூர்

அன்புள்ள க.,

இப்படிக் கேட்பவர்களை வழக்கமாக நூலகத்துக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் ஒரு வாரமாக என் தலைக்குள், கோவாவை விடமாட்டேன் என்ற போர்ச்சுகல் சர்வாதிகாரி சாலசார் உட்கார்ந்திருக்கிறார். நல்ல நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

மேனன் கதையை விடுங்கள். 1962 தொடக்கத்தில் தேர்தல் வந்தது, வடக்கு பம்பாயில் கிருபளானியை எதிர்த்து அவர் நின்றார், எல்லாம் சரி. அதற்காக மட்டும் முப்படை கிளம்பாது.

‘அவசரம்’ என்றீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பேசலாம் வாருங்கள் என்று இந்தியா 1950-இல் எழுதிக் கேட்டது. பேச ஒன்றுமில்லை என்றது போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன். அடுத்த வருடமே அரசியல் சட்டத்தைத் திருத்தி, கோவா காலனியே அல்ல, எங்கள் கடல்கடந்த மாகாணம் என்று எழுதிக்கொண்டார்கள். 1953-இல் லிஸ்பன் தூதரகத்தைப் பூட்டிக்கொண்டு வந்தோம். 1955 ஆகஸ்ட் 15 அன்று வெறுங்கையோடு எல்லை தாண்டிய சத்தியாகிரகிகளைச் சுட்டார்கள். பதினோரு வருடம் கதவைத் தட்டியவனை அவசரக்காரன் என்கிறீர்கள். கொஞ்சம் படித்துவிட்டு எழுதக்கூடாதா?

அப்புறம் பாண்டிச்சேரி. பேசி வாங்கினோம் என்ற பெருமை நம் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. 1954 அக்டோபர் 18, கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள். எனக்கும் பிடித்த காட்சிதான். ஆனால் அதற்கு ஐந்து மாதம் முன்பு வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியன் பியன் பூ விழுந்திருந்தது. இந்தோசீனாவே போனபின் போகிற வழியில் ஒரு சத்திரம் எதற்கு? அப்போதும் சாவியைத்தான் தந்தார்கள், பத்திரத்தைத் தரவில்லை. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்ஸ் அதற்கு ஒப்புதல் தந்தது 1962-இல், அல்ஜீரியாவை விட்ட அதே வருடம். நம் பத்திரம் அல்ஜியர்ஸில் அடகு கிடந்தது என்றுதான் சொல்வேன்.

கோவாவின் பத்திரம் கிடந்தது போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலாவில். கோவாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டால் அடுத்து அங்கோலா, மொசாம்பிக் பற்றியும் பேச வேண்டிவரும், அதுதான் சாலசாரின் பயம். அந்த அங்கோலாவே 1961 தொடக்கத்தில் பற்றி எரிந்தது. நீங்களே பொறுமையாக இருந்தால் நாங்கள் எங்கே போவது என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் டெல்லிக்கு வந்து நேருவிடம் கேட்டார்கள். அமெரிக்காவுக்கோ போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவு விமானத் தளம் வேண்டும். அதன் குத்தகை 1962 கடைசியில் முடிகிறது. கென்னடி யார் பக்கம் நிற்பார், நீங்களே சொல்லுங்கள்.

எந்த முகத்தோடு என்று கேட்டீர்கள். டிசம்பர் 18, பாதுகாப்பு சபை. இந்தியா பின்வாங்க வேண்டும் என்ற தீர்மானத்தை ஏழு நாடுகள் ஆதரித்தன, நான்கு எதிர்த்தன. எல்லோரும் சோவியத்தின் வீட்டோவைத்தான் சொல்வார்கள். மற்ற மூன்று கைகள் லைபீரியா, ஐக்கிய அரபுக் குடியரசு (எகிப்து), இலங்கை. கொழும்பில் பிரிட்டிஷ் கொடி இறங்கிப் பதினான்கு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கை தூக்கியதில் எல்லாம் இருக்கிறது.

எனக்கு இரக்கம் வருவது கோவாவின் போர்ச்சுகீசிய கவர்னர் ஜெனரல் வஸ்ஸாலோ இ சில்வா மேல்தான். எட்டு நாள் தாக்குப்பிடி, ஜெயி, இல்லையென்றால் செத்துப்போ என்பது சாலசாரின் உத்தரவு. அந்த மனிதர் இரண்டாம் நாள் இரவே கார் விளக்கு வெளிச்சத்தில் சரணடைந்தார். கோவா தப்பியது. போர்ச்சுகலுக்குத் திரும்பியவரை ராணுவத்திலிருந்து துரத்தினார்கள். 1974 புரட்சிக்குப் பிறகுதான் பதவி திரும்பக் கிடைத்தது.

அவருடைய ஆட்கள் டாங்கி எதிர்ப்புக் குண்டு கேட்டு, ரகசியக் குறியீட்டில் ‘சோரிசோ அனுப்புங்கள்’ என்று தந்தி அடித்தார்களாம். சோரிசோ என்றால் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி. லிஸ்பனிலிருந்து விமானத்தில் நிஜமான சோரிசோவே வந்திறங்கியதாம். பல வருடம் முன்பு கோவாவின் மாப்புசா சந்தைக்குப் போயிருந்தேன். ஜெபமாலை போல நூலில் கோத்த சிவப்பு சோரிசோக்கள், கிட்டே போனாலே வினிகரும் மிளகாயும் மூக்கில் ஏறும். விற்றுக்கொண்டிருந்த பாட்டியிடம் கூட வந்த நண்பர் இந்தக் கதையைக் கொங்கணியில் சொன்னார். நான் சிரிப்பதற்குத் தயாராக நின்றேன். பாட்டி சிரிக்கவில்லை. ஈயை விரட்டிக்கொண்டே, “அவர்கள் செய்வதில் வினிகரே இருக்காதே, யார் தின்பது?” என்று கேட்டாள்.