பல துறையினர் சேர்ந்த மருத்துவக் குழுவில் புது யோசனைகள் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வியோடு "எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தும் ஒன்றும் நகரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நிர்வாகத்தில் இருப்பவர் போலத் தெரிகிறது. உட்கார வைத்தீர்கள், சரி. பேசியது யார்?

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். வென்டிலேட்டரில் இருப்பவரைக்கூட முடிந்தவரை சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்கப் பார்ப்போம். படுத்தே கிடந்தால் தசை மளமளவென்று கரைந்துவிடும். ஆனால் நான் போகும் நேரத்தில் அவர் விழித்திருக்க வேண்டுமே! மயக்க மருந்தின் அளவு டாக்டர் கையில், அதைக் கூட்டிக் குறைப்பது நர்ஸ், டயாலிசிஸ்காரர் நேரம் தனி. நான் போய் நிற்கும்போது ஆள் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் ஸ்கேனுக்குப் போயிருப்பார்.

எங்கள் வார்டு நர்ஸ் ஒருவர் கட்டில் கால்மாட்டில் ஒரு தாளைத் தொங்கவிட்டார். மருந்தை எப்போது குறைப்பது, எப்போது உட்கார வைப்பது, அப்போது மூச்சு ட்யூபைப் பிடித்துக்கொள்வது யார் என்று அன்றன்றைக்குப் பென்சிலில் எழுதுவோம். நன்றாகவே ஓடியது. பிறகு அதை 'டிஜிட்டல்' ஆக்கினார்கள். டாக்டருக்கு ஒரு திரை, நர்ஸுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒருவர் எழுதியது அடுத்தவர் கண்ணில் படாது. தாளையும் கழற்றிவிட்டார்கள். மென்பொருள் பற்றிய கூட்டத்துக்கு அந்த நர்ஸைக் கூப்பிடவே இல்லை.

உடனே "கணினி எதிரி" என்று கமெண்டில் வராதீர்கள். ஒவ்வாமை உள்ள மருந்தை எழுதினால் அது எச்சரிப்பதைப் பார்த்திருக்கிறேன், அருமையான விஷயம். டாக்டர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஏதாவது ஆனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. எட்டு நகரங்களில் சோதித்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அதே பட்டியல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண மருத்துவமனைகளுக்குப் போனது. 2014-ல் வெளியான ஆய்வில் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. அதற்குப் பல விளக்கங்கள் உண்டு. என் அனுபவத்தில், மேலிடத்து உத்தரவு என்றால் டிக் விழும், பேச்சு வராது.

அடுத்த கூட்டத்தில் துறைத் தலைவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். புது ஏற்பாட்டால் யாருக்கு வேலை கூடுகிறதோ அவர் முதலில் பேசட்டும்.

நிர்வாகத்தில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: டாக்டர்களுக்கு ஓய்வறை உண்டு, நர்ஸ்களுக்கும் உண்டு. பிசியோக்கள் நாங்கள் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு சாப்பிடுகிறோம். ஆண்டு விழா 'டீம்' போட்டோவில் மட்டும் முன்வரிசை எங்களுக்கு.