சீன மருத்துவத்தில் பூச்சிகளை மருந்தாகக் கொடுப்பது உண்மையா? குடித்தால் குணமாகுமா?

உண்மைதான். நானே குடித்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். போன வருடம் சளி பிடித்துக் குரல் சுத்தமாக அடைத்துவிட்டது. போனில் ஹலோ சொன்னால் காற்றுதான் வந்தது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி பார்த்துவிட்டு, புளோக்குக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்குக் கையோடு கூட்டிப்போனார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், காய்ந்த வேர் வாசனை, ஏறக்குறைய நம் ஊர் நாட்டு மருந்துக்கடையேதான். சின்சே (சீன வைத்தியரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நாக்கை நீட்டச் சொன்னார், நாடி பிடித்தார், அப்புறம் கேட்டார்: "இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிக்குமா?"

இதை ஏன் கேட்கிறார் என்பது வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் புரிந்தது. வெந்நீரில் ஜெல்லி மாதிரி உப்பும் ஒரு கொட்டை, காய்ந்த புதினா, நடுவில் பத்துப் பன்னிரண்டு சில்வண்டுகள். உயிர் இருந்தவை அல்ல, அவை உரித்துப் போட்ட சட்டைகள். தேன் நிறம். முதுகில் நீளமாக ஒரு கிழிசல். கால்கள் எதையோ பற்றியிருந்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. கண் இருந்த இடத்தில்கூடக் கண்ணாடி போல இரண்டு குமிழ்கள். மூச்சு பட்டால் நகர்ந்துவிடும் கனம். இறால் ஒவ்வாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம், அதற்குத்தான் அந்தக் கேள்வி.

இந்தச் சட்டைக்குச் சான் துய் என்று பெயர். தொண்டைக்கட்டு, தோல் அரிப்பு, குழந்தை ராத்திரியில் வீறிட்டு அழுவது, மூன்றுக்கும் இதுவே மருந்து. அதன் பின்னால் இருக்கும் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. பகலெல்லாம் கத்துகிற பூச்சி, அதனால் குரலுக்கு. இரவில் அடங்கிவிடும், அதனால் அழும் குழந்தைக்கு. தோலை உரித்துப் போடும், அதனால் தோலுக்கு. எலும்பு முறிவுக்கு மண்ணில் வாழும் ஒருவகைக் கரப்பானைக் கொடுப்பார்கள். வெட்டினாலும் ஒட்டிக்கொண்டு நடக்கும் என்று பழைய நம்பிக்கை.

1578-இல் லி ஷிசென் என்ற சீன வைத்தியர் எழுதி முடித்த 'பென்சாவ் காங்மு' என்ற மருந்து நூலில் 1,892 மருந்துகள் உண்டு. அதில் 'ச்சோங்' என்று ஒரு தனிப் பிரிவு. பூச்சி என்று சொல்கிறோமே தவிர, தேள், பூரான், தேரை எல்லாம் அதில்தான். பூஞ்சை தாக்கி விறைத்துச் செத்த பட்டுப்புழு வலிப்புக்கு, பட்டுப்புழுவின் எச்சம் மூட்டுவலிக்கு, கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைகளுக்கு என்று இன்றைக்கும் எழுதிக்கொடுக்கிறார்கள்.

இது பழங்கதை மட்டும் இல்லை. 'காங்ஃபூசின்' என்ற திரவ மருந்து கரப்பான்பூச்சிச் சாற்றில் செய்வது. வயிற்றுப் புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் சீன மருத்துவமனைகளிலேயே கொடுக்கிறார்கள். சிசுவான் மாகாணத்தின் சிச்சாங்கில் இதற்கென்றே ஒரு பண்ணை, வருடத்துக்கு 600 கோடி கரப்பான் வளர்க்கிறது என்று 2018-இல் செய்தி வந்தது. நம் வீட்டில் ஒன்றைப் பார்த்தாலே ஸ்ப்ரேயைத் தேடுவோம்!

சரி, குணமாகுமா? எனக்கு நாலு நாளில் குரல் வந்தது. சளியால் அடைத்த குரல் சும்மா விட்டாலும் ஒரு வாரத்தில் வந்துவிடும், அதனால் சில்வண்டுக்கு நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். என் பார்வையில் ஆதாரம் பலமாக இருப்பது கொப்புள வண்டுக்குத்தான். மருவைக் கரைக்க அதைப் பூசுவது அங்கே பழைய வைத்தியம். அதில் இருக்கும் காந்தாரிடின் என்ற பொருளை, குழந்தைகளுக்கு வைரஸால் வரும் முத்து முத்தான தோல் கட்டிகளுக்கு, 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அங்கீகரித்தது. டாக்டர் கையால் தொட்டு வைத்து, 24 மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும். அதே சரக்கு சில பத்து மில்லிகிராம் வயிற்றுக்குள் போனால் சிறுநீரகம் போய்விடும், உயிரும் போகலாம். ஆகவே இணையத்தில் வண்டுப்பொடி விற்கிறது என்று வாங்கிக் கலக்கிக் குடித்துவிடாதீர்கள்.

எனக்குக் கொடுத்ததில் இரண்டாவது பொட்டலம் சமையலறை அலமாரியிலேயே இருந்தது. ஊரிலிருந்து வந்த அம்மா, சீரகம் என்று நினைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை பூச்சி செத்துக் கிடக்கு, வீட்டைக் கூட்டவே மாட்டியாடா?" என்று மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிட்டார்.