ஒரு கம்ப்யூட்டர், பல போர்டுகள்: சீரியல் சந்தேகங்கள் சில

யுஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டர் ஒன்றுதான் இருக்கிறது. அதன் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) கால்களில் நான்கு மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளையும் சேர்த்துக் கோத்துவிடலாமா?

பாதி சரி. கம்ப்யூட்டர் பேசும் ஒயரில் நான்கு பேர் காது வைத்துக் கேட்கலாம், தப்பில்லை. தகராறு பதில் வரும் ஒயரில்தான். போர்டின் டிஎக்ஸ் கால் எதுவும் பேசாதபோதும் 5 வோல்ட்டில் (அல்லது 3.3-இல்) நிமிர்ந்தே நிற்கும். நான்கையும் முடிச்சுப் போட்டால், ஒன்று பூஜ்யம் அனுப்பக் கீழே இழுக்கும்போது மற்ற மூன்றும் மேலே இழுக்கும். கம்ப்யூட்டருக்குக் குப்பை எழுத்துகள் வரும், கால்களும் கெடலாம்.

எல்லாம் ஒரே மேசையில் என்றால், ஒவ்வொரு டிஎக்ஸிலும் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடு போட்டு (கோடு போட்ட முனை மைக்ரோகண்ட்ரோலர் பக்கம்), பொது ஒயரை 4.7 கிலோஓம் வழியாக மேலே இழுத்துவைத்து ஒப்பேற்றலாம். மேசையைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், ஆர்எஸ்-485 தான். 1983-இல் வந்த சீரியல் தொடர்புத் தரநிலை அது. முறுக்கிய இரண்டு ஒயர்களின் வோல்டேஜ் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் அவ்வளவாகப் பாதிக்காது. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும், 32 சாதாரண சிப்கள் தாங்கும். சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒயரின் இரண்டு கடைசி முனைகளில் மட்டும். ஒவ்வொரு போர்டிலும் போட்டுவிட்டு "சிக்னல் வரவில்லை" என்று எழுதுபவர்கள் நிறைய.

இரண்டு ஒயர் போதும் என்கிறார்கள். கிரவுண்டும் இழுக்க வேண்டுமா?

இழுங்கள். ஆர்எஸ்-485 சிப் தன் கிரவுண்டிலிருந்து -7 முதல் +12 வோல்ட் வரைதான் பொறுத்துக்கொள்ளும். தனித்தனி பவர் சப்ளையில் ஓடும் போர்டுகளுக்குள் அந்த எல்லையைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை.

485-க்கு மாறிவிட்டேன். போர்டு அனுப்பும் பதிலில் கடைசி எழுத்து மட்டும் எப்போதும் காணாமல் போகிறது.

டிஇ காலை (485 சிப்பை அனுப்பும் நிலையில் வைப்பது) அவசரப்பட்டு இறக்குகிறீர்கள். ஆர்டுயினோவில் எழுதும் கட்டளை முடிந்தால் எழுத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை, அனுப்பக் காத்திருக்கும் பஃபரில் விழுந்தது என்றுதான் அர்த்தம். பஃபர் காலியான பிறகும் கடைசி எழுத்து, பிட் பிட்டாக வெளியே தள்ளும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் இருக்கும். 9600 பாடில் (செகண்டுக்கு 9600 பிட்) அது வெளியேற ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். சீரியல் ஃப்ளஷ் கட்டளை முடியும்வரை காத்திருந்து, பிறகு டிஇ-யை இறக்குங்கள். ஏவிஆர் (ஊனோவில் உள்ள சிப் வகை) ரெஜிஸ்டர்களை நேரடியாகக் கையாள்பவர்கள், பஃபர் காலி என்று மட்டும் சொல்லும் யுடிஆர்இ-யை நம்பாமல், எல்லாம் வெளியேறியது என்று சொல்லும் டிஎக்ஸ்சி கொடியைப் பார்க்க வேண்டும். இதே விஷயத்தில் நானும் ஓர் இரவைத் தொலைத்திருக்கிறேன்.

முதல் எழுத்து தொலைந்தால் கதை வேறு: கன்வர்ட்டர் ஒயரை விடுவதற்குள் போர்டு பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது. சில மில்லிசெகண்ட் பொறுக்கச் சொல்லுங்கள்.

கட்டளை எந்த போர்டுக்கு என்று எப்படிப் பிரிப்பது?

முகவரி, நீளம், தகவல், பிழை சரிபார்க்க சிஆர்சி: செய்தி இந்த வரிசையில் இருந்தால் போதும். புதிதாக ஒன்றை வடிவமைக்க ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன் மோட்பஸ் ஆர்டியு என்ற தயார் செய்தி முறையைப் பாருங்கள். 1979-இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்தது, இன்றும் ஓடுகிறது. 1 முதல் 247 வரை முகவரிகள். 0 என்றால் எல்லோருக்கும், அதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. மூன்றரை எழுத்து நேரம் அமைதி நிலவினால் செய்தி முடிந்தது.

எந்த வடிவமானாலும், கேட்காமல் எந்த போர்டும் வாய் திறக்கக் கூடாது. அவசரச் செய்திக்குக்கூட விலக்கு தராதீர்கள், அடிக்கடி கேளுங்கள். முகவரியைப் புரோகிராமில் எழுதாமல் ஈஈப்ராமிலோ (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) டிப் ஸ்விட்சிலோ (குட்டி ஸ்விட்சுகளின் வரிசை) வையுங்கள், எல்லா போர்டுக்கும் ஒரே புரோகிராம் போதும்.

பைத்தானில் போர்ட்டைத் திறந்தாலே ஆர்டுயினோ ஊனோ முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது.

போர்ட்டைத் திறந்ததும் கம்ப்யூட்டர் தரும் டிடிஆர் சிக்னல் ஒரு கெப்பாசிட்டர் வழியாக ரீசெட் காலைத் தொடுகிறது. போர்ட்டை ஒருமுறை திறந்து, இரண்டு செகண்ட் பொறுத்து, திறந்தபடியே வைத்திருங்கள். அல்லது ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். புதிய புரோகிராம் ஏற்றும்போது மட்டும் கழற்றவும்.

ஒவ்வொரு போர்டும் தனி யுஎஸ்பியில். கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் போர்ட் எண்கள் இடம் மாறுகின்றன.

லினக்ஸில் சிப்பின் சீரியல் எண்ணை வைத்து வரும் பை-ஐடி பெயர்களைப் பயன்படுத்தலாம். ஆனால் சிஎச்340 என்ற யுஎஸ்பி-சீரியல் சிப் பலவற்றில் சீரியல் எண்ணே இல்லாததால் இரண்டு போர்டுகள் ஒரே பெயரில் வந்து நிற்கும். போர்டிடமே "நீ யார்?" என்று கேட்கும் ஒரு கட்டளை வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

பத்து போர்டுகளை செகண்டுக்குப் பத்து முறை கேட்க வேண்டும். 9600 போதுமா?

போதாது. ஓர் எழுத்துக்குப் பத்து பிட். 8 எழுத்துக் கேள்வி, 8 எழுத்துப் பதில் என்றால் ஒரு போர்டுக்கு 16.7 மில்லிசெகண்ட், பத்துக்கு 167. ஒரு சுற்றுக்கு இருப்பதோ 100 மில்லிசெகண்ட்தான். 38400-க்குப் போனால் மொத்தம் 42-க்குள் முடியும். 16 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆரில் 115200-க்கு 2.1 சதவீத வேகப் பிழை இருப்பதால், 38400-ஓ சுத்தமாகப் பிழையில்லாத 250000-ஓ மேல்.

அப்படியும் வேகம் ஏறவில்லையென்றால் கன்வர்ட்டரைப் பாருங்கள். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் என்றால், அதில் லேட்டன்சி டைமர் வழக்கமாக 16 மில்லிசெகண்டில் இருக்கும். சின்னப் பதிலாக இருந்தால், அந்த நேரம் கழியும்வரை கையில் வைத்திருந்துதான் கம்ப்யூட்டருக்குத் தரும். டிரைவர் செட்டிங்கில் அதை 1-ஆகக் குறையுங்கள்.