ஹெட் வேலை முடிஞ்சு வந்தாச்சு, வால்வு பிடிக்குதா? – கேள்வி பதில்

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், குறுவை நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க்கிணறு) இன்ஜின் ஓடியாக வேண்டும். அதனால் இந்த மாதம் லேத் பட்டறை வாசல் முழுக்க ஹெட். புதியவர்களுக்கு: ஹெட் என்பது சிலிண்டரின் மேல்மூடி; அதில் வால்வு உட்காரும் இடம் சீட், வால்வின் தண்டு ஸ்டெம், அந்தத் தண்டு ஏறி இறங்கும் குழல் கைடு. வேலை முடிந்து வந்த ஹெட்டில் வால்வு லீக் இருக்கிறதா என்று பார்ப்பது பற்றி மட்டும் கேளுங்கள். டீசல் பம்ப்செட், டிராக்டர், பவர் டில்லர் எல்லாம் சரி. பெட்ரோல் வண்டி வேண்டாம்.

நீடாமங்கலம்: அண்ணே, 5 எச்.பி. ஒத்தை சிலிண்டர். ரெண்டு வால்வும் கிரைண்டிங் போட்டு, சீட் வெட்டி, ஸ்பிரிங் மாட்டியே கொடுத்துட்டாங்க. மாட்டுறதுக்கு முன்னாடி எப்படி நம்புறது?

பதில்: நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. ஒரு டம்ளர் மண்ணெண்ணெய், ஒரு சாக்பீஸ், பழைய பனியன் துணி போதும்.

முதலில் ஸ்டெம் நுனியில் சுத்தியலின் மரப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் லாக் சரியாக உட்காரும். சீட்டில் ஒரு துணுக்குத் தூசி மாட்டியிருந்தாலும் விலகும். பிறகு வால்வு முகத்தையும் சுற்றுவிளிம்பையும் காயத் துடைத்து, விளிம்பைச் சுற்றி சாக்பீஸ் தூளைத் தேய்த்துவிடுங்கள்.

பலரும் ஹெட்டைக் கவிழ்த்துப் போட்டு வால்வு மேல் எண்ணெய் ஊற்றுவார்கள். அறை குழிவாக உள்ள ஹெட்டுக்கு அது சரி. நம் பம்ப்செட் ஹெட் பெரும்பாலும் தட்டை. குழிவு பிஸ்டன் தலையில் இருக்கிறது. தட்டை ஹெட்டில் எண்ணெய் நிற்காது. அதனால் இன்லெட் (காற்று நுழையும்) வாய் மேலே பார்க்கும்படி ஹெட்டைச் சாய்த்து, அடியில் மரத்துண்டு முட்டுக்கொடுத்து, வாய் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். 5 நிமிடம் வால்வு விளிம்பைப் பாருங்கள். நனைந்த சாக்பீஸ் கறுத்துக் காட்டும். பிறகு திருப்பி எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வாய்.

லீக் எங்கே, எப்படி வருகிறது என்பதில்தான் விஷயம். ஒரே இடத்தில் உடனே சொட்டினால் பள்ளம், தூசி அல்லது வளைந்த வால்வு. அந்த இடத்தில் மார்க் போடுங்கள். ஸ்பிரிங்கை அழுத்தி வால்வைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். லீக் வால்வோடு கூடவே நகர்ந்தால் குற்றம் வால்வில். பழைய இடத்திலேயே நின்றால் சீட்டில். எதைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவது என்று இப்போது தெரிந்துவிடும். விளிம்பு முழுக்கச் சமமாக ஈரம் படர்ந்தால் கோணம் பொருந்தவில்லை, அல்லது சீட்டில் வெட்டு வரிகள் இருக்கின்றன. எண்ணெய் ஸ்பிரிங் பக்கம் வழிந்தால் அது கைடு வழி, வால்வைத் திட்டாதீர்கள்.

வலங்கைமான்: பெட்ரோல் ஊத்திப் பார்க்கலாமா? சீக்கிரம் தெரியுமே.

பதில்: லீக் ஆன இடம் தெரிவதற்குள் காற்றில் போய்விடும். பக்கத்தில் வெல்டிங் ஓடும் பட்டறையில் பெட்ரோலா? வேண்டாம்.

நன்னிலம்: ரேஷன்ல மண்ணெண்ணெய் கிடைக்கல. தண்ணி ஊத்தினா?

பதில்: தண்ணீர் சின்ன இடுக்கில் நுழையாது, துரு மட்டும் பிடிக்கும். டீசல் ஊற்றுங்கள். மண்ணெண்ணெயைவிடக் கெட்டி என்பதால் 5 நிமிடத்தை 10 ஆக்கிக்கொள்ளுங்கள்.

திருவையாறு: பங்க்சர் கடை கம்ப்ரஸரை இன்லெட் வாயில் வச்சு, சோப்புத் தண்ணி தடவினேன். விளிம்பு முழுக்க நுரை. புது வால்வு, புது சீட் ரிங். பட்டறைக்காரர் நல்லாத்தான் இருக்குங்கிறார். யார் சொல்றது சரி?

பதில்: பட்டறைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். கணக்குப் போடுங்கள். வால்வு விட்டம் 35 மி.மீ. என்றால் முகப்பரப்பு சுமார் 9.6 சதுர செ.மீ. பங்க்சர் கடைக் காற்று சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு 7 கிலோ. வால்வை உள்ளிருந்து தள்ளும் விசை 67 கிலோ. மூடிய நிலையில் சின்ன இன்ஜின் ஸ்பிரிங் பிடிப்பது 15, 20 கிலோதான். நீங்கள் வால்வைத் திறந்துவைத்து லீக் பார்த்திருக்கிறீர்கள்.

போர்ட் பக்கம் காற்று கொடுத்தால் அரைக் கிலோவுக்கு மேல் போகாதீர்கள். ரெகுலேட்டர் இல்லையென்றால் சைக்கிள் பம்பு போதும். கைடு வழியும் காற்று போகும். ஸ்டெம்மில் கெட்டி எண்ணெய் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் பாருங்கள். வேக்குவம் பம்பு வைத்துப் பார்க்கும் பட்டறையிலும் இதே ஏமாற்று உண்டு. முள் இறங்கினால் உடனே சீட்டைக் குறை சொல்லக் கூடாது.

கும்பகோணம் (லேத் பட்டறை): நீடாமங்கலத்துக்குச் சொன்னதில் ஒரு வார்த்தை. மெஷினில் மூணு கோணம் வெட்டின சீட்டுக்கு மேல கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற பழக்கத்தை விடச் சொல்லுங்க. நாங்க சீட் 45, வால்வு 44 டிகிரி கொடுக்கிறோம். கோடு மாதிரி ஒரு தொடுகை வரும். வீட்டுக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் தேய்ச்சு அதைப் பட்டையாக்கிட்டு, ‘லீக் ஆகுது’ன்னு திரும்பி வர்றாங்க.

பதில்: நான் தேய்க்கச் சொல்லவே இல்லையே. ஆனாலும் நீங்கள் சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு வருகிறேன். பட்டுக்கோட்டைக்காரர் ஏற்கெனவே எழுதிவிட்டார்.

பட்டுக்கோட்டை: ஐயா, மெஷின் வச்சிருக்கிற கடை எத்தனை? ஊர்ல முக்கால்வாசி கைக்கட்டர். கட்டரை நேரா பிடிக்கிற பைலட் தேஞ்சு ஆடும். அதுல வெட்டின சீட் வரிவரியா இருக்கும். பேஸ்ட் போடாம மாட்டினா ஒரு வாரம் ஓடாது.

கும்பகோணம்: அப்ப பைலட்டை மாத்துங்க. சீட் ஒரு பக்கம் இழுத்திருந்தா பேஸ்ட் அதை நேராக்காது. வால்வையும் சேர்த்துத் தின்னும்.

பட்டுக்கோட்டை: தேய்க்காத வால்வுல மண்ணெண்ணெய் நிக்காது. அதுதான் எனக்குத் தெரிஞ்ச கணக்கு.

பதில்: இரண்டு பேரும் வேறு வேறு சீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். 44-க்கு 45 என்று ஒரு டிகிரி விட்டு வெட்டியதைத் தேய்ப்பது தவறு. வால்வு சூடேறி விரியும்போது தொடும் இடம் மாறும். குளிரில் தேய்த்து உண்டாக்கிய பட்டை அங்கே பொருந்தாது. கைக்கட்டரில் ஒரே கோணத்தில் வெட்டிய சீட்டுக்கு மெல்லிய பேஸ்ட் கொஞ்சம் தேவைப்படும், வெட்டு வரியைப் போக்கும் அளவுக்கு மட்டும். ரப்பர் கப் குச்சியை உள்ளங்கையில் வைத்து முன்னும் பின்னும் உருட்டி, பத்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். டிரில்லில் மாட்டி ஒரே பக்கமாகச் சுற்றினால் வட்டக்கீறல் விழும். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அறுபடாத வளையம் வந்ததும் நிறுத்துங்கள். வளையத்தின் அகலம் இன்லெட்டில் 1.5, எக்ஸாஸ்ட்டில் 2 மி.மீ. பக்கம் இருந்தால் நல்லது. ரொம்ப ஒல்லியானால் எக்ஸாஸ்ட் வால்வின் சூடு சீட்டுக்கு இறங்காது. ரொம்ப அகலமானால் கரி சிக்கும்.

கும்பகோணத்தார் சொன்னதில் முக்கியமானது, பேஸ்ட் மையத்தைத் திருத்தாது என்பது. அதற்குத்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: கைடு முதலில், சீட் பிறகு. கட்டரின் பைலட் நிற்பது கைடுக்குள். சீட் வெட்டிவிட்டுக் கைடு மாற்றினால் மையம் மாறிப்போகும். அதன் பின் எத்தனை டப்பா பேஸ்ட் கரைத்தாலும் லீக் நிற்காது.

தேய்த்தவர்கள் பேஸ்ட்டைக் கழுவுங்கள். முதலில் மண்ணெண்ணெய், அடுத்து சோப்புத் தண்ணீர், கைடுக்குள் துணி விட்டு இழுத்து, கடைசியில் எண்ணெய். கைடில் தங்கிய பேஸ்ட் ஓடஓடக் கைடைத் தின்னும்.

குத்தாலம்: மாட்டுறதுக்கு முன்னாடி லீக் எப்படிப் பார்க்கிறது அண்ணே?

பதில்: மேலே, நீடாமங்கலம்.

ஒரத்தநாடு: மூணு சிலிண்டர் டிராக்டர். ஹெட் மாட்டியாச்சு. காலைல ஸ்டார்ட் பண்ணினா வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் லேட்டா பிடிக்குது. கேஜ் வீல் மாட்டி சேத்துழவுக்கு இறக்கணும். ஹெட்டைக் கழட்டாம பார்க்க முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன் டேப்பெட் இடைவெளியை (வால்வைத் தள்ளும் ராக்கருக்கும் ஸ்டெம் நுனிக்கும் நடுவிலுள்ள சந்து) பாருங்கள். வால்வும் சீட்டும் வெட்டியபின் ஸ்டெம் மேலே ஏறிவிடும், இடைவெளி குறையும். பழைய அளவு இருக்கும் என்று நம்பி ராக்கரைப் பூட்டியிருந்தால் வால்வு முழுசாக மூடாது. எல்லாச் சோதனையும் லீக் என்றே சொல்லும்.

அது சரியென்றால், சந்தேகப்படும் சிலிண்டரை கம்ப்ரஷன் உச்சிக்கு, அதாவது இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்துக்கு, கொண்டுவாருங்கள். இரண்டு ராக்கரும் லேசாக ஆடும். டாப் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. பம்ப்செட்டாக இருந்தால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைக் கழற்றிவிட்டுத்தான் காற்று. உச்சியிலிருந்து ஓரிரு டிகிரி விலகினாலும் பிஸ்டன் இறங்கும், ஹேண்டில் சுழன்று கையை முறிக்கும். இன்ஜெக்டரைக் கழற்றி, பழைய இன்ஜெக்டர் உடலில் காற்றுக்குழாய் பொருத்தி, 3 முதல் 5 கிலோ காற்று கொடுங்கள். இங்கே காற்று வால்வைச் சீட்டோடு சேர்த்து அழுத்துகிறது. திருவையாற்றுச் சிக்கல் கிடையாது.

இப்போது காதைக் கொடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் கிளீனர் குழாயில் சீறினால் இன்லெட். ப்ரீதரில் (இன்ஜின் அடிப்பகுதியின் காற்றுத்துளை) கொஞ்சம் வருவது வழக்கம். பலமாக வந்தால் பிஸ்டன் ரிங், லைனர். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் வெடிப்பு. பக்கத்து இன்ஜெக்டர் துளையில் வந்தால் இரண்டு சிலிண்டருக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

மயிலாடுதுறை: லேசா கசிஞ்சா பரவாயில்லைங்கிறாங்களே? ஓடும்போது அழுத்தம் வந்து தானா அடைச்சுக்குமாம்.

பதில்: பாதி உண்மை. கம்ப்ரஷன் 35 கிலோ வந்தால் அதே 35 மி.மீ. வால்வை 330 கிலோவுக்கு மேல் அழுத்தும். அதனால் 5 நிமிடம் கழித்து சாக்பீஸில் மெல்லிய ஈரம் படர்ந்தால் மாட்டலாம். நூல் போல ஒரே இடத்தில் வழிந்தால் கூடாது. நெருப்பு அந்த வழியாகவே போய் விளிம்பை எரித்துப் பள்ளம் போடும். ஹேண்டில் சுற்றும் இன்ஜினில் சுற்று மெதுவென்பதால் காற்று தப்பிக்க நேரம் அதிகம். காலையில் ஸ்டார்ட்டே ஆகாது.

சீர்காழி: அதே 5 எச்.பி. எக்ஸாஸ்ட் மட்டும் லீக். டேப்பெட் சரி. மூணு தடவை தேய்ச்சாச்சு.

பதில்: தேய்க்கும் கையை நிறுத்துங்கள். டிகம்ப்ரஷன் லீவரை (ஹேண்டில் சுற்றும்போது வால்வைத் தூக்கி வைப்பது) பார்த்தீர்களா? அதன் ஸ்க்ரூ அதிகம் இறங்கியிருந்தால் வால்வை ஒரு மயிரிழை தூக்கியே வைத்திருக்கும். மேசையில் லீக் இல்லை, மாட்டினால் லீக் என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

பேராவூரணி: என் பைக்குல வால்வு சத்தம்…

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள் தம்பி.

வேதாரண்யம்: போர் தண்ணி உப்பு. பம்பு டெலிவரியிலிருந்தே இன்ஜினுக்குத் தண்ணி விடுறோம். வால்வு வேலை பார்த்து மூணு மாசத்துல மறுபடி லீக்.

பதில்: உங்களுக்கு வால்வை விட்டுவிட்டு ஹெட்டைப் பார்க்கச் சொல்வேன். உப்பும் சேறும் தண்ணீர் அறையில் படிந்து, இரண்டு வால்வுக்கும் நடுவிலுள்ள குறுகிய பாலம் சூடாகும். வெடிப்பு அங்கேதான் கிளம்பும். சீட் கோணலாகும், சீட் ரிங் தளரும். பாலத்தில் மண்ணெண்ணெய் தடவி 10 நிமிடம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் தேய்த்து, மறுபக்கம் லேசாகத் தட்டுங்கள். வெடிப்பிருந்தால் கோடாக ஈரம் எழும். சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் ஸ்பிரே இருந்தால் இன்னும் தெளிவு. சந்தேகம் தீராவிட்டால் தண்ணீர் அறையை அடைத்து, சுடுதண்ணீரில் முக்கி, 2 கிலோ காற்று கொடுத்துப் பார்க்கும் பட்டறைக்கு அனுப்புங்கள். வெடித்த பாலத்தில் புது ரிங் அடிப்பது காசுக்குக் கேடு. நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி வைத்துச் சுழலவிடுங்கள்.

பாபநாசம்: நாலு தடவை சீட் வெட்டின ஹெட். மண்ணெண்ணெய் சொட்டு இறங்கல, ஆனாலும் ஸ்டார்ட்டிங் கஷ்டம்.

பதில்: வால்வு உள்ளே புதைந்துவிட்டது. 80 மி.மீ. விட்டம், 110 மி.மீ. ஓட்டம் உள்ள இன்ஜின் 553 சி.சி.; கம்ப்ரஷன் விகிதம் 16.5 என்றால் உச்சியில் மிஞ்சும் இடம் 35.7 சி.சி. 35 மி.மீ. வால்வு இரண்டும் 1 மி.மீ. கூடுதலாக இறங்கினால் 1.9 சி.சி. சேரும், கம்ப்ரஷன் 15.7 ஆகிவிடும். ஹெட் முகத்தில் ஸ்கேல் வைத்து, டெப்த் கேஜில் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். மீறியிருந்தால் புது சீட் ரிங். முகத்தைச் சீவி ஈடுகட்ட நினைத்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும் அபாயம் உண்டு, அளக்காமல் செய்யாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி: பம்பு டைமிங் எப்படி…

பதில்: இங்கே இல்லை.

வலங்கைமான்: மாட்டுறதுக்கு முன்னாடி டேப்பெட் வைக்கணுமா, பின்னாடியா?

பதில்: ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக முறுக்கிய பின். முறுக்கினால் கேஸ்கெட் அமுங்கும், இடைவெளி மாறும். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மறுபடி ஒருமுறை. ‘டேப்பெட்’ என்று இனி யாராவது கேட்டால் ஒரத்தநாட்டைக் காட்டுவேன்.

பட்டுக்கோட்டை: கும்பகோணத்தார் சீட்டை நான் எப்படி நம்புறது? அதைச் சொல்லுங்க.

பதில்: ப்ளூ என்னும் நீலச்சாயம் எடுங்கள். வால்வு முகத்தில் மெல்லிசாகத் தடவி, லேசாக அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சீட் முழுக்க நீலம் ஏறினால் சீட் கைடுக்கு மையம். இதோடு நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் தவறு. வளைந்த வால்வின் மேடும் சுற்றும்போது சீட் முழுக்க நீலத்தைப் பூசிவிடும். எனவே துடைத்துவிட்டு, இம்முறை சீட்டில் தடவி வால்வைச் சுற்றுங்கள். வால்வு முகம் முழுக்க நீலம் வந்தால்தான் வால்வும் நேர். இரண்டும் தேறினால் பேஸ்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். முதலாவது தேறாவிட்டால் அவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

கும்பகோணம்: கொண்டுவாங்க, கூலி வாங்காம வெட்டித் தர்றேன். ஆனா தேய்ச்சுட்டுக் கொண்டுவராதீங்க.