உயிரிக்கலை என்றால் என்ன? ஆய்வுக்கூடத்தில் கலைஞருக்கு என்ன வேலை?

உயிருள்ள செல்களையும் திசுக்களையும் கொண்டு, நாளைய மருத்துவமும் உயிரியலும் நம்மை எங்கே கொண்டுபோகும் என்று கற்பனை செய்து காட்டுவதுதான் உயிரிக்கலை. பயோ ஆர்ட் என்றும் சொல்வார்கள்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வந்தால் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பாருங்கள். கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுவார்கள். திசு வளர்ப்பும் ஏறக்குறைய இப்படித்தான். பாலிமர் என்ற, பிளாஸ்டிக் போன்ற ஆனால் கரையக்கூடிய பொருளில் ஒரு சட்டகம், அதன்மேல் செல்கள், அப்புறம் சத்துநீர். ஆனால் ஊற்றிய வண்ணம் அந்தந்தக் கட்டத்திலேயே நிற்கும், செல்கள் பெருகிக்கொண்டே போகும்.

ஓரன் கேட்ஸ், அயோனாட் சூர் என்ற இரு கலைஞர்கள் ஆஸ்திரேலியாவில் இப்படி ஒரு குட்டிச் சட்டையை வளர்த்தார்கள். விலங்கைக் கொல்லாமல் தோல் கிடைக்குமா என்பது அவர்கள் கேள்வி. 2008-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது அளவுக்கு மீறி வளர்ந்ததால் சத்துநீரை நிறுத்த வேண்டியதாயிற்று. சரி, அது அணைந்ததா, செத்ததா? என்னை விடாமல் துரத்தும் கேள்வி இது. ஒன்றைச் செய்ய முடியுமா என்று ஆய்வு பார்க்கிறது. செய்தபின் அதோடு எப்படி வாழ்வோம் என்பதை முன்கூட்டியே உணர வைக்க இந்தக் கற்பனை தேவைப்படுகிறது.

பலர் இதைக் கம்ப்யூட்டரில் வரைந்த படம் என்று நினைக்கிறார்கள். அந்தச் சட்டை நிஜமான எலிச் செல்களால் ஆனது.