ஒரே ஆளே ஜெயித்துக்கொண்டிருந்தால் கோல்ஃப் பார்ப்பதில் சுவாரஸ்யம் போய்விடுமா?

அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் மாதிரி ஒருவர் வாராவாரம் முன்னால் நிற்கும்போது தொழில்முறை கோல்ஃபை உட்கார்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு சுவாரஸ்யம் குறையவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கோல்ஃபில் ஆதிக்கம் என்பதே வேறு மாதிரி. டென்னிஸில் ரஃபேல் நடால் ஃபிரெஞ்ச் ஓப்பனை 14 முறை வென்றார். அங்கே ஆடிய 116 ஆட்டங்களில் நான்கில்தான் தோற்றார். கோல்ஃபில் இப்படி ஒரு கணக்கு யாருக்கும் கிடையாது. டைகர் உட்ஸின் உச்சம் என்று எல்லோரும் சொல்வது 2000-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் 20 போட்டிகளில் ஆடி 9-இல் வென்றார். ஷெஃப்லர் 2024-இல் 19-இல் ஆடி 7-இல் வென்றார். இதையே பெரிய ஆதிக்கம் என்கிறோம். அதாவது உச்சத்தில் இருப்பவரும் பாதிக்கு மேற்பட்ட வாரங்களில் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போகிறார்.

காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. டென்னிஸில் எதிரில் நிற்பவரை ஓடவிட்டு ஓய்ந்துபோகச் செய்யலாம். கோல்ஃபில் அடுத்தவர் பந்தை யாரும் தொடக்கூட முடியாது. மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், அமெரிக்க ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் என்ற நான்கு பெரிய போட்டிகளை மேஜர் என்பார்கள். ஒரு மேஜர் போட்டியில் பெரும்பாலும் 156 பேர் இறங்குகிறார்கள். நான்கு நாள், 72 குழிகள். அந்த நான்கு நாளும் ஆட்டம் கைகூடிய ஒருவன் 156 பேரில் இருந்தால் போதும், உச்சத்தில் இருப்பவரும் தோற்றுவிடுவார். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் பந்தை உருட்டி அடிக்கும் பட் இருக்கிறதே, எட்டடி தூரத்திலிருந்து அதை உள்ளே போடுவது உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கே ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒருவர் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார் என்றால் எனக்கு வரும் உணர்வு அலுப்பு இல்லை, "இது எப்படி நடக்கிறது?" என்ற ஆச்சரியம்தான்.

சரி, முடிவு முன்னாலேயே தெரிந்துபோன போட்டியைப் பற்றி என்ன சொல்வது? 2000 அமெரிக்க ஓப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் பெப்பிள் பீச் மைதானம். டைகர் 15 அடி (ஸ்ட்ரோக்) வித்தியாசத்தில் வென்றார். ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வகுத்த அளவுக்குப் பார் என்று பெயர், குறைவாக அடிப்பவரே முன்னிலை. அவர் பாருக்கு 12 குறைவு. இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட எர்னி எல்ஸும் மிகேல் ஆங்கெல் ஹிமெனெஸும் பாருக்கு 3 அதிகம். சனிக்கிழமை மூன்றாம் குழியில் டைகர் பாரைவிட மூன்று அடி கூடுதலாக, அதாவது டிரிபிள் போகி (ஒன்று கூடினால் போகி) அடித்தும் அவரை யாராலும் நெருங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சஸ்பென்ஸ் என்று எதுவுமே இல்லை. அப்படியும் அன்றைய ஆட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் 16-ஆம் குழி. பார் காப்பாற்ற ஒரு நீளமான பட். அது உள்ளே போனாலும் போகாவிட்டாலும் கோப்பை அவருடையதுதான். போட்டதும் முஷ்டியை மடக்கிக் குத்துகிறார், ஏதோ ஒரே அடியில் பின்தங்கி நிற்பவரைப் போல. அன்று ஒரு போகிகூட இல்லாமல் முடித்தார். மற்றவர்களோடு போட்டி முடிந்துபோன பிறகும் மனிதன் தன்னோடு போட்டி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும் வாய்ப்பு, எல்லோரும் ஒன்றிரண்டு அடியில் முண்டியடிக்கும் வாரங்களில் கிடைப்பதில்லை.

இன்னொன்று. ஜாம்பவான் இருந்தால்தான் அவரை வீழ்த்துவதற்கு ஒரு மதிப்பு. 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப், மின்னசோட்டாவில் ஹேசல்டைன் மைதானம். அதுவரை மேஜர்களில் மூன்று சுற்று முடிவில் முதலிடத்தில் இருந்த 14 தடவையும் டைகரே ஜெயித்திருந்தார். அன்று இரண்டு அடி முன்னிலையோடு இறங்கினார். அவரோடு ஆட வந்தவர் தென் கொரியாவின் ஒய். இ. யாங், உலகத் தரவரிசையில் 110-ஆம் இடம். 14-ஆம் குழியில் கிரீனுக்கு வெளியிலிருந்து யாங் சிப் செய்த பந்து நேராகக் குழிக்குள் போய் ஈகிள், அதாவது பாரைவிட இரண்டு அடி குறைவு, ஆனது. 18-இல், ஒரே அடி முன்னிலையில், 200 யார்டுக்கு மேல் தூரத்திலிருந்து ஹைப்ரிட் மட்டையால் பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அந்த பட் அடியையும் குழிக்குள் போட்டுவிட்டு கோல்ஃப் பையை அப்படியே தலைக்கு மேல் தூக்கினார். ஆசியாவில் பிறந்த ஆண் ஒருவர் மேஜர் வென்றது அதுதான் முதல் முறை. டைகர் என்ற மலை அங்கே நிற்காவிட்டால் அது ஆண்டின் இன்னொரு மேஜராக மட்டும் போயிருக்கும்.

அப்புறம் ஷெஃப்லர். அவர் மீது சலிப்பு ஏன் வருகிறது என்று எனக்குப் புரிகிறது. டைகரிடம் இருந்த அந்த ஆவேசம் இவரிடம் அதிகம் வெளியே தெரியாது. மரத்தடியிலிருந்து மாயம் காட்டுகிற ஆள் இல்லை, ஏனென்றால் மரத்தடிக்கே அதிகம் போகமாட்டார். தவறு செய்யாமல் இருப்பதே அவருடைய பலம், அதைக் கண்ணால் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம். ஆனால் எண்கள் டைகரின் பக்கத்திலேயே வருகின்றன. முதல் மேஜருக்கும் நான்காவது மேஜருக்கும் இடையே டைகருக்கு 1,197 நாட்கள். 2022 மாஸ்டர்ஸிலிருந்து 2025 பிரிட்டிஷ் ஓப்பன் வரை எண்ணிப் பார்த்தால் ஷெஃப்லருக்கும் அதே 1,197 நாட்கள்.

அந்த 2025-இல் மே மாதம் குவெயில் ஹாலோ மைதானத்தில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பை ஷெஃப்லர் ஐந்து அடி வித்தியாசத்தில் வென்றார் என்று பதிவேடு சொல்லும். அதை மட்டும் படிப்பவர் "ஒருதலைப்பட்சமான ஆட்டம்" என்றுதான் நினைப்பார். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு கதை தெரியும். கடைசி நாள் முதல் ஒன்பது குழிகளில் ஷெஃப்லருக்கு எதுவுமே சரியாக அமையவில்லை. பந்து இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. அவருக்கு முன்பே ஆட இறங்கியிருந்த ஸ்பெயினின் ஜான் ராம் ஸ்கோரில் பின்னாலிருந்து ஏறி வந்து 11-ஆம் குழியில் பேர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு) அடித்துச் சமன் செய்துவிட்டார். அதன்பின் ஷெஃப்லர் 14-இலும் 15-இலும் பேர்டி. கடைசி மூன்று குழிகளுக்கு அங்கே 'கிரீன் மைல்' என்று பெயர், அவ்வளவு கொடுமையானவை. ராம் அந்த மூன்றில் ஐந்து அடிகளை இழந்தார். 17-இல் பந்து தண்ணீருக்குள் போனது. துரத்திப்பிடிக்க வேண்டிய ஆள் ஷெஃப்லர் என்பதால்தான் ராம் துணிந்து அடிக்க வேண்டியிருந்தது, அடித்ததில் உடைந்தார். ஆதிக்கம் அடுத்தவன் ஆட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் பார்த்ததில்லை.

ஜூலையில் பிரிட்டிஷ் ஓப்பன், வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானம். சொந்த மண்ணின் பிள்ளை ரோரி மெக்கில்ராய் சனிக்கிழமை 12-ஆம் குழியில் ஈகிள் போட்டபோது எழுந்த சத்தம் காதில் இன்னும் இருக்கிறது. ஊரே அவர் பக்கம். ஆனாலும் ஞாயிறன்று ஆறு அடி பின்னால்தான் தொடங்கினார். ஷெஃப்லர் 8-ஆம் குழியில் ஃபேர்வே (கிரீனுக்குப் போகும் புல்பாதை) பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில் மாட்டி, முதல் முயற்சியில் பந்து பள்ளத்தின் சுவரில் பட்டுத் திரும்ப அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழ, டபுள் போகி. அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த குழியிலேயே பேர்டி அடித்து அந்தக் கதவை மூடிவிட்டார். நான்கு அடி வித்தியாசத்தில் கோப்பை. ரோரிக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 9-ஆம் குழியைப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்னும் வருத்தப்பட்டிருப்பேன்.

இப்போது அந்த நிபந்தனை. சாம்பியன் யாரை ஜெயிக்கிறார் என்பது நம் கண்முன் நடக்க வேண்டும். 2022-இல் சவூதிப் பணத்தில் லிவ் கோல்ஃப் என்ற போட்டித் தொடர் பிஜிஏ டூருக்கு எதிராகத் தொடங்கியதும் பிரைசன் டிஷாம்போ, டஸ்டின் ஜான்சன், புரூக்ஸ் கெப்கா என்று வரிசையாகப் போனார்கள். 2023 டிசம்பரில் ராமும் போனார். அதன் விளைவாகச் சிறந்தவர்கள் எல்லோரும் ஒரே களத்தில் நிற்பது பெரும்பாலும் ஆண்டுக்கு நான்கு மேஜர்களில்தான் என்றாகிவிட்டது. ராமும் டிஷாம்போவும் இல்லாத சாதாரண வாரங்களில் ஷெஃப்லர் எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயிக்கும்போது என் மகிழ்ச்சி குறைகிறது என்பது உண்மை. பழியை ஷெஃப்லர் மேல் போட முடியாது. வந்தவர்களைத்தானே அவர் ஜெயிக்க முடியும்? ரசிகர்களிடமிருந்து போட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டுபோனவர்கள் மேல்தான் என் கோபம்.

ஒளிபரப்பின் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஒருவர் முன்னிலை பெற்றதும் கேமரா அவரை மட்டும் பின்தொடர்கிறது. அவர் நடக்கிறார், தண்ணீர் குடிக்கிறார், பையைத் தூக்கிவரும் உதவியாளரோடு (கேடி) பேசுகிறார். அதே நேரத்தில் பத்தாவது இடத்துக்கும் அடுத்த ஆண்டுக்கான தகுதிக்கும் ஒருவர் உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருப்பார், அது திரைக்கே வராது. பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டுவதில் பாதிக்கு மேல் இதனால்தான் என்பது என் கணிப்பு.

ஷெஃப்லர் ஆடும் போட்டியை இனி பார்ப்பதாக இருந்தால் ஸ்கோர்போர்டை விட்டுவிட்டு அவருடைய இரண்டாவது அடியைப் பாருங்கள், ஃபேர்வேயிலிருந்து கிரீனுக்கு அயர்ன் மட்டையால் அடிப்பது. கால்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டு போகும், பாடப்புத்தகத்தில் இல்லாத நடனம் மாதிரி. ஆனால் பந்து கொடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு பத்துக் குழிகளுக்குக் கவனியுங்கள். ஆபத்தான பக்கத்தில் அது நிற்பது அபூர்வம். மற்றவர்களின் அதே அடியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தானாகத் தெரியும். அமெரிக்காவில் நடப்பவை நமக்குத் திங்கள் விடியற்காலையில்தான் முடியும், தூக்கம் கெடும். அதனால் பிரிட்டிஷ் ஓப்பனிலிருந்து தொடங்குங்கள். அது ஞாயிறு இரவு பதினொரு மணிவாக்கில் முடிந்துவிடும்.